புரோகிரசிவ் கண்ணாடி: 14 மாதம் போட்டுப் பார்த்த பிறகு

என் கதையில் வரும் அப்பா ஒரு பத்தியில் இறந்துபோய், அடுத்த பத்தியில் நனைந்த குடையோடு வீட்டுக்குள் நுழைந்தார். தப்பு என்னுடையது. ‘அப்பா மறந்தார்’ என்று எழுதியிருந்தேன். ‘அப்பா மறைந்தார்’ என்று தட்டச்சாகியிருந்தது. மெய்ப்பு என்னிடம்தான் வந்தது. மூன்று தடவை படித்துவிட்டு, எல்லாம் சரி என்று அனுப்பினேன். றகரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு நிற்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை. புத்தகம் கைக்கு வந்த அன்று சாயங்காலம் தோழி போன் செய்தாள்.

“உங்கப்பா எப்படீ செத்தாரு, எப்படி எழுந்து வந்தாரு? பேய்க்கதைன்னு நீ சொல்லவே இல்லையே?”

அப்போது எனக்கு 47 வயது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே லென்ஸில், கோடில்லாமல் பவர் வைத்த புரோகிரசிவ் கண்ணாடி வாங்கியது அந்தப் போனுக்குப் பிறகுதான். போட ஆரம்பித்து 14 மாதம் ஆகிறது. வாங்கலாமா வேண்டாமா என்று என் வயதுக்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன்.

அறிகுறிகள் 43லேயே தொடங்கிவிட்டன. நான்தான் அவற்றுக்கு வேறு வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் போதவில்லை என்றேன். தாள் மட்டம் என்றேன். கணினியில் எழுத்தளவை 12 புள்ளியிலிருந்து 14க்கும், அப்புறம் 18க்கும் ஏற்றினேன். 14 பக்கக் கதை 23 பக்கத்துக்கு நீண்டது. இந்த வருடம் நிறைய எழுதுகிறோமே என்று உள்ளூரச் சந்தோஷம் வேறு. எழுத்து பெரிதானால் திரையில் கொள்ளும் வரிகள் குறையும். நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் மேலே ஏறிப் போயிருக்கும். அதனால் வாக்கியங்களைச் சுருக்கினேன். அந்தச் சமயம் வெளிவந்த தொகுப்பைப் படித்த ஒருவர், என் நடையில் புதிதாக ஒரு சிக்கனம் கூடியிருப்பதாகப் பாராட்டினார். அடக்கமாகத் தலையாட்டினேன். அந்தச் சிக்கனத்தின் பெயர் வெள்ளெழுத்து.

எழுத்து வெளுத்துப்போவதால் வெள்ளெழுத்து. பழைய ஆட்கள் சாளேசரம் என்றும் சொல்வார்கள். நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வயதையே நோயின் பெயராக வைத்துவிட்டார்கள், மறைத்துப் பேச இடமில்லை.

இது நோயும் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை கிட்டத்தில் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். பத்து வயதில் ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தாலும் எழுத்து தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற வில்லை விறைத்துக்கொண்டு உப்ப மறுக்கிறது. ஐம்பதை ஒட்டி, அரை மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாமே சண்டித்தனம்தான். தோலும் முடியும் உதிர்வதுபோல் அந்த வில்லையின் இழைகள் உதிர்வதில்லை என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். புது இழைகள் மேலே மேலே படிய, பழையவை நடுவில் அமுங்கிக்கொண்டே போகின்றன. பிறப்பதற்கு முன்னால் உண்டானவைகூட இன்னும் அங்கேயே இருக்கின்றன. அம்மாவின் வயிற்றில் இருந்தபோது உருவான பொருள் வழியாகத்தான் இன்றைக்கும் அம்மாவைப் பார்க்கிறேன்.

சரி, கண்ணாடிக்கு வருகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ரெடிமேட் ரீடிங் கிளாஸ், +1.50. எனக்கும் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒன்று. ஆளுக்கொன்று வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் இரண்டு பேருமே ‘எனக்கு இன்னும் அவ்வளவு தேவைப்படவில்லை’ என்ற கட்சி. மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், கட்டைவிரலில் சிலாம்பு ஏறிவிட்டது. “நீ வேண்டாம்மா, அப்பா எடுக்கட்டும்” என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியோடு குனிந்தார். அது அவருக்குப் போதாத பவர். என்னிடம் கழற்றிக் கொடுத்தார். எனக்கும் சிலாம்புக்குப் பதில் ஒரு சாம்பல் நிறப் புகைதான் தெரிந்தது. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் டார்ச் பிடித்தோம். அவளே எடுத்துக்கொண்டாள்.

ரீடிங் கிளாஸைக் குறை சொல்ல மாட்டேன். கிட்டத்துப் பார்வைக்கு அதைப்போல அகலமான, நிம்மதியான கண்ணாடி கிடையாது. போட்டுக்கொண்டு நிமிர்ந்தால்தான் வம்பு. கூட்டத்தில் கதை வாசிக்கும்போது தாளில் எழுத்து பளிச்சென்று இருக்கும், தலையைத் தூக்கினால் முதல் வரிசையே பனிமூட்டம். யார் கொட்டாவி விடுகிறார்கள், யார் போன் பார்க்கிறார்கள் என்று ஒன்றும் தெரியாது. ஒரு எழுத்தாளருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது புரோகிரசிவ் போட்ட பிறகுதான் உறைத்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பைஃபோகலில் தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டே பவர். நடுவில் ஒரு கோடு. என் அம்மா போட்டிருந்தது அதுதான், கீழே அரைநிலாபோல ஒரு வெட்டு தெரியும். அம்மாவுக்கு நான்கு கண் என்று சின்ன வயதில் நம்பினேன். கணக்கு நோட்டைப் பார்க்கக் கீழ்க்கண்கள், என்னை முறைக்க மேல்கண்கள். புரோகிரசிவ் லென்ஸில் கோடு கிடையாது. மேலே தூரம், அங்கிருந்து கீழே இறங்க இறங்க பவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இடையில் கணினித் தூரம், அடியில் புத்தகத் தூரம்.

பிரான்சில் பெர்னார் மெத்தெனாஸ் என்ற எஞ்ஜினியர் இதற்காக வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார். தன் அப்பாவின் பைஃபோகலைப் போட்டுப் பார்த்தபோது, கோட்டைத் தாண்டும் இடத்தில் காட்சி குதித்தது அவருக்குப் பிடிக்கவில்லையாம். 1959ல் அது வேரிலக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவருக்கு முன்னாலும் சிலர் முயன்றிருக்கிறார்கள். 1907லேயே ஓவன் ஏவ்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியும், அது கடைக்கு வரவில்லை. வெள்ளெழுத்து வராத இளவயதில் ஒருவர் அப்பாவின் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நான் அம்மாவின் கண்ணாடியை மாட்டியது அம்மாவைப்போல நடித்துக் காட்டத்தான்.

இப்போது குறைகள். முதல் குறை லென்ஸுடையது அல்ல, பொருத்தியவர்களுடையது. கடையின் பெயர் எதற்கு.

முதல் ஜோடியைப் போட்ட அன்று, தூரமெல்லாம் துல்லியம். புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து தெரியவில்லை. மோவாயை மேலே தூக்கினால் தெரிந்தது. இன்னும் தூக்கினால் இன்னும் தெளிவு. கோழி தண்ணீர் குடிப்பதுபோல் அண்ணாந்துதான் ஒரு பக்கம் படிக்க முடிந்தது. கடையில் போய்ச் சொன்னேன். “பழகிடும் மேடம்” என்றார்கள். இரண்டு வாரம் பழகினேன். மறுபடியும் போனேன். “சிலருக்கு ஒரு மாசம் ஆகும்.” ஆறு வாரம் பழகினேன். கழுத்தின் பின்பக்கம் கல்லாகிவிட்டது. எழுத்து நின்றுபோனது. எழுத்து நின்றதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் கண்ணாடியின்மேல் பழி போடுவது எளிதாக இருந்தது.

வேறொரு கடையில் ஒரு இளம்பெண்தான் கண்டுபிடித்தாள். என்னை நிற்கச் சொன்னாள். “எப்பவும் நிக்கற மாதிரியே நில்லுங்க, போட்டோவுக்கு நிக்கற மாதிரி வேண்டாம்” என்றாள். என் எதிரே, என் உயரத்துக்குக் குனிந்து நின்று, லென்ஸின்மேல் மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்தாள். அப்புறம் லென்ஸைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்து வாயால் ஊதினாள். அந்த ஈர மூச்சில் கண்ணாடிக்குள் இருந்து இரண்டு சின்ன வட்டங்கள் எழுந்து வந்தன. இரண்டுக்கும் இடையில் 34 மில்லிமீட்டர். காதுப் பக்கத்து வட்டத்தின் அடியில் பொடி எழுத்தில், கிட்டத்துக்கான என் கூடுதல் பவர். புரோகிரசிவ் லென்ஸ்களில் இந்தக் குறிகளைச் செதுக்கியே அனுப்புகிறார்கள். ஆறு வாரமாக என் மூக்கின்மேல் இருந்த பொருளில் இப்படி ஒரு ரகசிய எழுத்து இருந்தது எனக்குத் தெரியாது. அந்தக் குறிகளை வைத்து அளந்து பார்த்து, என் கண்பாவைக்கு நேரே வரவேண்டிய புள்ளி நான்கு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்றாள். முதல் கடையில் நான் உட்கார்ந்திருக்க, அளவெடுத்த பையன் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனைப் பார்ப்பதற்காக நான் தலையைத் தூக்கியிருக்கிறேன்.

ஆகவே, நீங்கள் வாங்கப்போனால் இதை மட்டும் விடாதீர்கள். ஃபிரேமை முதலில் உங்கள் முகத்தில் சரியாக உட்கார வைத்து, அதற்கப்புறம்தான் அளவெடுக்க வேண்டும். எடுப்பவரின் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூக்கின் நடுவிலிருந்து இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகத் தூரம் அளக்கச் சொல்லுங்கள். யாருடைய மூக்கும் முகத்தின் சரிபாதியில் இருப்பதில்லை. மிகவும் குட்டையான ஃபிரேம் வேண்டாம், மூன்று தூரமும் இறங்குவதற்கு உயரம் வேண்டும். ‘பழகிடும்’ என்பது பாதி உண்மை. தரை மிதப்பது, கதவு நிலை லேசாக வளைவது, இதெல்லாம் ஒன்றிரண்டு வாரத்தில் பழகும். நான்கு மில்லிமீட்டர் தப்பு நாற்பது வருடமானாலும் பழகாது.

இரண்டாவது ஜோடி போட்ட அன்று மாலையே ஒரு கதையை முழுதாகப் படித்தேன். வேறு யாரோ எழுதியதை, 11 புள்ளி எழுத்தில்.

ஆனால் நல்ல ஜோடியிலும் சில சங்கடங்கள் இருக்கின்றன. படுத்துக்கொண்டு படிக்க முடியாது. ஒருக்களித்துப் படுத்தால் கண்ணாடியின் அடிப்பாகம் எங்கோ போய்விடுகிறது. எனக்குப் பெரிய இழப்பு இது, பாதி இலக்கியத்தை ஒருக்களித்துத்தான் படித்திருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டில் புத்தகத் தலைப்பு தேடுவதும் கஷ்டம், கிட்டத்துப் பவர் கீழே இருக்கிறது, புத்தகமோ மேலே. ஸ்டூல் போட்டு ஏறிக்கொள்கிறேன். படி இறங்கும்போது கால் பக்கம் கலங்கலாக இருக்கும், மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இறங்க வேண்டும். அம்மா அப்படித்தான் இறங்குவார். மணப்பெண் மாதிரி ஏன் இப்படித் தலையைக் குனிந்துகொண்டு வருகிறாய் என்று கேலி செய்திருக்கிறேன். ஒருநாள் நான் மாடிப்படியில் இறங்குவதைக் கீழே நின்று மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அம்மா இப்போது பைஃபோகல் போடுவதில்லை. கண்புரை ஆபரேஷனில் பழைய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைத்தார்கள். கட்டுப் பிரித்த மறுநாள் என்னை உற்றுப் பார்த்தார். “ஏன்டி, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா? ஒருத்தரும் சொல்லலையே” என்றார். ஐந்து வருடமாக அவர் எதிரில்தான் நடமாடிக்கொண்டிருந்தேன்.

கணினியில் மணிக்கணக்காக எழுதுகிறவர்களுக்குப் புரோகிரசிவ் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரைத் தூரத்துக்கான இடம் ஒரு குறுகிய சந்து மாதிரிதான் இருக்கும். வரியின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்குக் கண்ணை நகர்த்தினால் போதாது, முகத்தையே நகர்த்த வேண்டும். ஒரு மணி நேரம் எழுதினால் டென்னிஸ் பார்த்தவள் மாதிரி ஆகிவிடுகிறேன். கிட்டத்துக்கும் திரைக்கும் மட்டும் என்று தனியாக ஒரு வகை லென்ஸ் இருக்கிறது, ஆபீஸ் லென்ஸ் என்று கேட்டால் தருவார்கள். எழுத்து மேசையில் இப்போது அதுதான். நோட்டில் கையால் எழுதும்போது பழைய ரீடிங் கிளாஸ். ஒரே கண்ணாடியில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி வாங்கினேன், இப்போது மூன்று கண்ணாடி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் குறைந்துவிட்டது, அது குறையா நிறையா என்று தெரியவில்லை. ஒரே ரீடிங் கிளாஸ் இருந்த காலத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது நானும் அவரும் “கண்ணாடி எங்கே?” என்று கேட்டுக்கொள்வோம். அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை நான் எதிரில் காத்திருப்பேன். காத்திருக்கும்போது அவர் முக்கியமான செய்தியை எனக்குப் படித்துக் காட்டுவார். இப்போது அவருக்குத் தனி, எனக்குத் தனி. அவரவர் செய்தி அவரவருக்கு. சென்ற வாரம் அவர் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அது சட்டைப்பையில் இருந்தது எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் தேடட்டும் என்று விட்டேன். “எங்கேன்னு பாரேன்” என்று கூப்பிட்டார். போனேன்.

கடையில் சொல்லாத, சொன்னாலும் வாங்குகிறவர்கள் காதில் வாங்காத ஒன்று, ஓரம். லென்ஸின் இரண்டு பக்கமும் கலங்கலாகத்தான் இருக்கும். உயர்ந்த ரகத்தில் கலங்கலைச் சாமர்த்தியமாகப் பரப்பி மெல்லியதாக்குவார்கள், அவ்வளவுதான். முழுக்க ஒழிக்க முடியாது என்பதை 1963ல் மிங்க்விட்ஸ் என்ற ஜெர்மானியர் கணிதமாகவே நிறுவிவிட்டார். கீழே இறங்க இறங்க பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, பக்கவாட்டில் கலங்கல் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஏறும். கோட்டை அழித்தார்கள், கோட்டுக்குரிய தொல்லை பக்கவாட்டில் ஒதுங்கிக்கொண்டது. அதனால் புரோகிரசிவ் போட்டவர்கள் ஓரக்கண்ணால் பார்க்க முடியாது. எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மூக்கைத் திருப்ப வேண்டும்.

என் தோழியும் நானும் 23 வருடமாகக் காலையில் சேர்ந்து நடக்கிறவர்கள். நடந்துகொண்டே பேசுவோம், அதாவது நான் பேசுவேன். எழுதப்போகும் கதையை அவளிடம் முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். அவள் எங்கே நடையை மெதுவாக்குகிறாளோ அங்கே கதை சரியாக இருக்கிறது, எங்கே வேகமாக நடக்கிறாளோ அங்கே வெட்ட வேண்டும் என்று கணக்கு. இத்தனை வருடத்தில் என் எழுத்தைத் திருத்தியது அவள் கால்கள்தான் என்று சொல்லலாம்.

கடந்த ஒன்றரை வருடமாக அந்தக் கணக்கு உதைத்தது. எதைச் சொன்னாலும் ஒரே நடை. எல்லாவற்றுக்கும் “ம்”. அம்மாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று என்று சொன்னதற்கும் “ம்”, ஒரு பாத்திரத்தைக் கொல்லலாமா வேண்டாமா என்று கேட்டதற்கும் “ம்”. இன்னொன்று, எப்போதும் என் வலப்பக்கம் நடப்பவள் இடப்பக்கத்துக்கு மாறியிருந்தாள். வண்டிகள் வரும் பக்கம் என்னை விட்டுவிட்டாள் என்று மனதுக்குள் ஒரு குத்தல்கூட. சரி, அவளுக்கு நான் அலுத்துவிட்டேன், கதைகளும் அலுத்துவிட்டன, இந்த வயதில் இது நடப்பதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு முழுக் கதையை அவளிடம் சொல்லாமலே எழுதி அனுப்பினேன். அப்படி அனுப்பியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது ஜோடி கண்ணாடி வந்து நான்கைந்து நாள் இருக்கும். நடந்துகொண்டே வழக்கம்போல் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தேன். முகம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளிந்தது. அதனால் தலையை முழுதாகத் திருப்பி, நேருக்கு நேர் பார்த்துப் பேசினேன். அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பல்லில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டேன். மறுபடியும் பேசினேன். மறுபடியும் வாயையே பார்த்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரித்தாள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவள் நடை மெதுவானது. நான் முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டு, சாதாரணக் குரலில், “நான் எழுதறதை விட்டுடலாம்னு இருக்கேன்” என்றேன்.

“ம்” என்றாள்.

நின்றுவிட்டேன். அவளும் இரண்டடி போய் நின்றாள்.

“எந்தக் காது?”

அவள் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. அப்புறம் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“எவ்வளவு நாளா?”

“ஒண்ணரை வருஷம் இருக்கும். வலதும் இப்ப கொஞ்சம் மந்தம்தான்.”

“ஏன்டி சொல்லல?”

“நீ பேசிட்டே இருந்தே.”

அன்றைக்கு மீதித் தூரத்தை நான் பேசாமல் நடந்தேன். முடிந்தவரை. வீட்டுக்கு வந்தபின், பைஃபோகலைக் கண்டுபிடித்தவர் என்று சொல்லப்படும் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. கண்ணாடி வாங்குவதற்கு முன் எதையெதையோ படித்ததில் கண்ணில் பட்ட கடிதம். அவர் பிரான்சில் இருந்த காலம். பிரெஞ்சு அவர் காதுக்குச் சரியாகப் பழகியிருக்கவில்லை. இந்தக் கண்ணாடி வந்தபிறகு சாப்பாட்டு மேசையில் தட்டும் தெரிகிறது, எதிரில் இருப்பவரின் முகமும் தெரிகிறது, பேசுகிறவரின் முக அசைவைப் பார்க்க முடிவதால் பிரெஞ்சு முன்னைவிட நன்றாகப் புரிகிறது என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது வேடிக்கையான கிழவர் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.

அவள் காதைப் பரிசோதிக்கப் போனபோது கூடப் போனேன். முன்பு நான் சொல்லாமல் அனுப்பிய கதையையும் கொடுத்தேன், 16 புள்ளியில் அச்செடுத்து. அவளுக்கும் வெள்ளெழுத்துதான், ஆனால் அதை என்னிடம் ஒளிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் பென்சிலால் ஒரு வாக்கியத்தைச் சுற்றி, ‘இது எதற்கு’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அது அச்சாகி வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அதுதான் தெரிகிறதே என்றாள்.

தீர்ப்பைச் சொல்லாமல் விட்டால் வாங்க நினைப்பவர்கள் திட்டுவார்கள். கிட்டத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வேலை உங்களுக்கு இருந்தால் வாங்குங்கள். வகுப்பு எடுப்பவர்கள், மேடையில் வாசிப்பவர்கள், நடந்துகொண்டே பேசுகிறவர்கள். நாள் முழுக்கத் திரையோ புத்தகமோதான் என்றால் இதை மட்டும் நம்பாதீர்கள். தூரத்துக்குப் பவரே இல்லாமல், எப்போதாவது படிக்கிறவர்களுக்கு ரீடிங் கிளாஸே போதும். எனக்குத் தூரத்துக்கு +0.50, கிட்டத்துக்கு அதன்மேல் +1.75. இந்தக் கூடுதல் பவர் அறுபது வாக்கில் 2.50 வரை ஏறிவிட்டு, பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும் என்கிறார்கள். ஏற ஏற ஓரக் கலங்கலும் கூடும். தலையை இன்னும் நன்றாகத் திருப்ப வேண்டியிருக்கும். இளவயதிலேயே, கூடுதல் பவர் குறைவாக இருக்கும்போதே தொடங்குவது சுலபம் என்று அந்த இளம்பெண் சொன்னாள். 43ல் வெளிச்சத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இதைச் சொல்ல ஆளில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒருக்களித்துப் படுத்துப் படிக்க முடியாததற்காக ஒன்று குறைத்திருக்கிறேன்.

தோழிக்குக் காது மெஷின் வந்து மூன்று வாரம் ஆகிறது. மறுபடியும் என் வலப்பக்கத்துக்கு வந்துவிட்டாள். முதல் நாள் இரண்டு தெரு தாண்டும்வரை ஒன்றும் பேசாமல் வந்தாள். என் கதை அவ்வளவு பிடித்துவிட்டதா என்று பார்த்தால், குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள்.

“இந்தச் செருப்பு இவ்வளவு சத்தமா போடும்? இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் நடந்தோம்?” என்றாள்.